நான் விழவில்லை

பிப்ரவரி 4

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நலம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உன் அத்தை சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் விழவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, அரை நாள் அப்படியே கிடந்து, கதவை உடைத்துத்தான் என்னைத் தூக்கினார்கள் என்று உனக்கும் போன் செய்திருப்பாள். குளியலறை இல்லை, அதற்கு வெளியே இருக்கும் நடை. அரை நாள் என்பது அவளுடைய கணக்கு. கதவை யாரும் உடைக்கவில்லை. குழாய் பார்க்க வந்த பிளம்பர் மணி அடித்துப் பார்த்துவிட்டு, மாடி வீட்டுக்காரியிடம் நான் கொடுத்துவைத்திருக்கும் சாவியை வாங்கித் திறந்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை, அவ்வளவுதான்.

"என்ன மேடம், தரையில உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"குழாய் அந்தப் பக்கம் இருக்கு. போய் வேலையப் பாருங்க" என்றேன். விழுந்து கிடக்கிறவள் பேசுகிற பேச்சா இது? நீயே சொல்.

இடுப்பில் ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். இந்த வயதில் எல்லோருக்கும் செய்வதுதானாம்.

நீ வர வேண்டாம். மரியாதைக்காகச் சொல்லவில்லை. ஜூனில் உன் புராஜெக்ட் வெளியே வர வேண்டும், வந்தால் உனக்குப் பதவி உயர்வு என்று எழுதியிருந்தாய். அதைப் போட்டுவிட்டு இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?

போனிலும் கூப்பிடாதே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சைக் கேட்டுச் சம்பாதித்தவள் நான். போனில் மனிதர்கள் எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் எழுதும்போது கொஞ்சமாவது யோசிப்பார்கள்.

தூங்குமூஞ்சி எப்படி இருக்கிறான்? கல்லூரியில் உன்னோடு ஒட்டிக்கொண்டவன், ஒரே கம்பெனி, ஒரே வீடு என்று இன்னும் விடாமல் இருக்கிறானே, அவனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு.

எழுத்து கோணலாக இருப்பதற்குப் பேனாதான் காரணம்.

அன்புடன்,
அம்மா


பிப்ரவரி 15

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

அத்தை போனில் அழுத அழுகையில் கலங்கிப்போயிருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது சின்ன வயதிலேயே எனக்குப் பாடம். அதனால் வரவில்லை. இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. புராஜெக்ட் தள்ளிப்போனால் மேலே உள்ளவர்கள் அதையே வேறு டீமுக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வருட உழைப்பு ஒரே மீட்டிங்கில் காணாமல் போவதை இங்கே பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைத் தூங்குமூஞ்சிக்குப் படித்துக் காட்டினேன். சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். கையை மட்டும் நீட்டிக் கடிதத்தை வாங்கினான்.

"டேய், இது படுத்துக்கிட்டே எழுதினதுடா. ஒவ்வொரு வரியும் மேல ஏறிப் போகுது பாரு. உங்கம்மா வெள்ளைத் தாள்லயே கோடு போட்ட மாதிரி எழுதுறவங்க."

"பேனாதான் காரணம்னு எழுதியிருக்காங்களே."

"ஆமா, நீ நம்பு."

மறுநாள் காலையில் ஏழு வாரம் லீவு கேட்டு எனக்கு அனுப்பியிருந்தான். என் டீமில் ஏழு பேர், அவனும் ஒருவன். அவன் லீவுக்கு நான்தான் சரி சொல்ல வேண்டும். "அம்மாவே வேண்டாம்னுட்டாங்க, நீ எதுக்குடா?" என்றேன். "உன்னைத்தானே வேண்டாம்னாங்க? என்னைப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்கிறான். இவனிடம் யார் பேசி ஜெயிப்பது?

"சரி போ. இங்க நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்புகிறேன். வியாழக்கிழமை வந்து இறங்குவான். அவனைத் திட்டாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்


ஏப்ரல் 12

அன்புள்ள மகனுக்கு,

நலம். இதை உட்கார்ந்து எழுதுகிறேன். வரிகளைப் பார்த்தால் தெரியும்.

தூங்குமூஞ்சி இன்று காலை கிளம்பிப் போய்விட்டான். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. அவன் இருந்தபோதும் பாதி நேரம் தூங்கிக்கொண்டுதான் இருந்தான், ஆனாலும்.

இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். "சின்ன வேலை" என்று டாக்டர் சொன்னது அவருக்குச் சின்னது. ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்தபடியே தூங்குவான். ஆனால் நான் தண்ணீர் என்று நினைத்தாலே எழுந்துவிடுவான். எப்படி என்று கேட்டேன். "பழக்கம்மா. கம்பெனி மெஷின் எது படுத்தாலும் என் போன்தான் அடிக்கும். அடிக்கிறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடியே முழிப்பு வந்துடும்" என்றான்.

அந்தப் போன் இங்கேயும் அடித்தது. வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எதையோ பழுதுபார்ப்பான். "இது லீவா?" என்று கேட்டால், "லீவுதான்மா, இது சும்மா" என்பான். நீ பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியதாக எழுதியிருந்தாய். உனக்கும் நேரமிருந்திருக்காது.

என்னை நடக்கவைத்தது அவன்தான். பிசியோதெரபிஸ்ட் பெண் கெஞ்சினாள், இவன் கெஞ்சவில்லை. "ஏன்மா, நாப்பது பேரை மேய்ச்ச சூப்பர்வைசர் நடக்கிற நடையா இது? அந்த ஆபரேட்டர் பொண்ணுங்க பாத்தா சிரிக்க மாட்டாங்க?" என்றான். கோபத்தில் கதவு வரை போய்விட்டேன்.

நோயாளிக்குச் செய்ய வேண்டிய மற்ற வேலைகளும் உண்டு. அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீ செய்ய வந்திருந்தால்கூட விட்டிருக்க மாட்டேன். அவனிடம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. அவனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்க பையனா?" என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றேன். "பின்ன யாரு?" என்றாள். தண்ணீர் கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது உன்னைக் கூப்பிட்டேனாம். நான் நம்பவில்லை. விடாமல் கூப்பிட்டேனாம். "வந்துட்டேன்மா, இங்கதான் இருக்கேன்" என்று இவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தானாம். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை.

உன் வேலை நல்லபடியாக முடியட்டும். வெயிலோ குளிரோ, அந்தக் கட்டடத்தை விட்டு ஒரு நாளைக்கு ஒரு முறையாவது வெளியே வா.

அன்புடன்,
அம்மா


மே 10

அன்புள்ள அம்மாவுக்கு,

தூங்குமூஞ்சி எழுதுகிறேன். சௌக்கியம். நீங்கள் வாசல் வரை போய் வருகிறீர்களா? பொய் சொல்லக் கூடாது, மாடி வீட்டு அக்காவிடம் விசாரிப்பேன்.

உங்கள் பையன் நன்றாக இருக்கிறான். அதாவது மெலிந்துவிட்டான், ஆனால் நன்றாக இருக்கிறான். ஒரே வீட்டில் இருந்தும் அவனை நான் பார்ப்பது மீட்டிங்கில்தான்.

நான் திரும்பி வந்தபோது என் மேஜை அங்கே இல்லை. டீமையே வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள். என் வேலையில் பாதியை வேறு ஒருவர் செய்துகொண்டிருந்தார், மீதிப் பாதி தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். யார் நிறுத்தினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு மாடியைக் காட்டுகிறார்கள். பெரிய கம்பெனியில் இது சகஜம். புதிய மாடியில் தூங்குவதற்கென்றே ஓர் அறை கட்டியிருக்கிறார்கள், கட்டில் எல்லாம் போட்டு. எனக்காகவே கட்டியது என்று எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். ஆசையாகப் போய்ப் பார்த்தேன். உள்ளே ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது எங்களுக்குப் பரீட்சை நேரம். ஆறு மாதத்தில் என்ன சாதித்தாய் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எனக்கு இது வருவதே இல்லை. உங்கள் பையன் புதிதாக ஒன்றைக் கட்டுகிறான், காட்டலாம். நான் எதுவும் கெடாமல் பார்த்துக்கொள்கிறவன். கெடாமல் இருந்ததை எப்படிக் காட்டுவது? 'இடுப்பில் தகடு வைத்த ஒரு சூப்பர்வைசரைக் கதவு வரை நடக்கவைத்தேன்' என்று எழுதட்டுமா? நீங்கள்தான் நல்லபடியாக ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தூங்குமூஞ்சி


ஜூலை 8

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

புராஜெக்ட் வெளிவந்துவிட்டது. எனக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது. இனி மூன்று டீம்கள் என் கீழே. கதவு உள்ள அறை கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் கதவு உள்ள அறை பெரிய விஷயம்.

உங்களுக்கு நான்கு சக்கரம் வைத்த நடைவண்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன். பிரேக் இருக்கிறது, களைத்தால் உட்கார இருக்கையும் இருக்கிறது. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

டீமில் சில மாற்றங்கள். அதனால் கொஞ்சம் அலைச்சல். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உங்கள் அன்பு மகன்


ஜூலை 27

அன்புள்ள மகனுக்கு,

நலம். பதவி உயர்வுக்கு என் ஆசிகள். உன் அப்பா இருந்திருந்தால் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லியிருப்பார். நான் மாடி வீட்டுக்காரிக்கு மட்டும் சொன்னேன். போதும்.

நடைவண்டி வந்தது. நன்றாக இருக்கிறது. அதில் செய்தித்தாள்களை அடுக்கியிருக்கிறேன். எனக்குக் கைத்தடி போதும்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தூங்குமூஞ்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்தனை வருடத்தில் அவனைப் பற்றி ஒரு குறையோ கிண்டலோ இல்லாமல் நீ எனக்குக் கடிதம் எழுதியதே இல்லை. அவன் கேட்டபடி ஒரு பக்கம் எழுதி மே மாதமே அனுப்பினேன். பதில் இல்லை. ஜூனில் ஒன்று எழுதினேன், போன வாரம் ஒன்று. இரண்டுக்கும் பதில் இல்லை. சோம்பேறிதான், ஆனால் மரியாதை தெரியாதவன் இல்லை. உடம்பு சரியில்லையா?

"டீமில் சில மாற்றங்கள்" என்று எழுதியிருக்கிறாய். என்ன மாற்றங்கள்? விவரமாக எழுது.

அன்புடன்,
அம்மா


செப்டம்பர் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நலம். உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். வேலை.

தூங்குமூஞ்சி இப்போது கம்பெனியில் இல்லை. உங்களுக்கு எழுதியிருப்பான் என்று நினைத்தேன். இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோரையும் மதிப்பிடுவார்கள். கடைசியில் வருகிறவர்கள் போக வேண்டியதுதான். எத்தனை பேர் என்பதை மேலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். இது கம்பெனியின் முடிவு. யாருக்கும் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் போய்விடும். அதனால் அவன் கிளம்பிவிட்டான். கெட்டிக்காரன், நல்ல இடம் கிடைக்கும்.

நீங்கள் அவனுக்கு எழுதியவற்றை அவன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பிரித்துப் பார்க்கவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகன்


செப்டம்பர் 14

அன்புள்ள மகனுக்கு,

நலம்.

"கம்பெனியின் முடிவு" என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் புரியவில்லை. எங்கள் எக்ஸ்சேஞ்சும் பெரிய இலாகாதான். வருடக் கடைசியில் ஒவ்வொரு ஆபரேட்டரைப் பற்றியும் மேலே ரகசிய அறிக்கை போகும். அந்தப் பெண்ணுக்குக் காட்டக் கூடாது என்பது விதி. நான் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, வாய்விட்டுப் படித்துக்காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். இரண்டு முறை எனக்கு மெமோ வந்தது. ஒருத்தி என் முகத்துக்கு நேரே, "மேடம், இது பொய்" என்றாள். சரிபார்த்தேன். பொய்தான், யாரோ மூட்டிவிட்டது. அடித்துவிட்டுத் திருப்பி எழுதினேன். இலாகா அறிக்கை எழுதவில்லை. இலாகாவுக்குக் கை கிடையாது. நான் எழுதினேன்.

அவன் உன் டீம். அவனைக் கடைசியில் வைத்தது யார்? என்ன காரணம் சொல்லி? உட்கார்ந்தபடி தூங்குகிறான் என்றா?

இரண்டு கேள்விகள்தான். பதிலும் இரண்டு வரியில் இருக்கலாம்.

அன்புடன்,
அம்மா


அக்டோபர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

சௌக்கியம். அக்கா வீட்டில் இருக்கிறேன். உங்கள் கடிதங்கள் எல்லாம் கையில் இருந்தும் பதில் எழுதாதது தப்புதான். பெஞ்சு மேல் நிற்கத் தயார்.

நீங்கள் எழுதித் தந்த பக்கம் நான் எழுதியிருக்கக்கூடியதைவிடப் பிரமாதமாக இருந்தது. 'பொறுப்பானவர், கூப்பிடும் முன் வருகிறவர்' என்று யாரும் என்னைப் பற்றி எழுதியதில்லை. அது வந்து சேர்ந்தபோது பரீட்சை முடிந்துவிட்டது. அதை மடித்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். எதிரே ஹெச்.ஆர். அம்மா ஒருவர், பக்கத்தில் உங்கள் பையன். அவன் கையில் ஒரு தாள். அதில் இருப்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். என் முழுப் பெயரைச் சொல்லி ஆரம்பித்தான். யாரையோ கூப்பிடுகிறான் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் கிளாஸை அவன் பக்கம் தள்ளிவைத்தேன். அவன் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் பெட்டியை அவன்தான் அடுக்கினான், எனக்கு அடுக்க வராது என்று அவனுக்குத் தெரியும்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் அவனைக் கேட்காதீர்கள், அம்மா. காரணம் தெரிவதால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை. யாராவது ஒருவர் போக வேண்டும். மற்றவர்களுக்குக் குடும்பம், குழந்தை. நான் ஒண்டிக்கட்டை.

இப்போது தூங்க எவ்வளவோ நேரம் இருக்கிறது. போனும் அடிப்பதில்லை. தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. அக்கா நம்பவே மாட்டேன் என்கிறாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதீர்கள். நீங்கள் கேட்டால் நான் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லவும் முடியாது.

கைத்தடியை விட அவசரப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
தூங்குமூஞ்சி


நவம்பர் 9

அம்மாவுக்கு,

உங்கள் செப்டம்பர் கடிதம் மேஜையிலேயே இருக்கிறது. இரண்டு வரி என்றீர்கள். இரண்டு வரியில் வரவில்லை.

அவனைக் கடைசியில் வைத்தது நான்.

ஒரு பெரிய அறையில் மேனேஜர்கள் எல்லோரும் உட்காருவோம். ஒவ்வொரு பெயராகத் திரையில் வரும். அவரவர் ஆளுக்காக அவரவர்தான் வாதாட வேண்டும். என் டீமிலிருந்து ஒருவர் கீழே போயாக வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவானது. அவன் பெயர் வந்தது. "பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இவர் என்ன செய்தார்?" என்று ஒருத்தி கேட்டாள். லீவைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. யாரும் லீவைக் கணக்கில் எடுக்கவில்லை. செய்த வேலையை மட்டும் கணக்கில் எடுத்தார்கள்.

'என் அம்மாவுக்காகப் போனான்.' மூன்று வார்த்தை. வாய் வரை வந்தது. சொன்னால், உன் அம்மாவுக்கு நீ ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவன் பழுதுபார்த்ததைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், லீவில் இருப்பவனிடம் வேலை வாங்கியவன் நான் என்று ஆகும். அதே திரையில் மாலையில் என் பெயர் வர இருந்தது.

"சொந்த விடுப்பு" என்றேன். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை, அம்மா. அந்தப் பெண்மணி எனக்கு அன்றைக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நீங்கள் பிப்ரவரியில் எழுதிய கடிதத்தைப் பர்ஸில் வைத்திருக்கிறேன். 'நீ வர வேண்டாம், மரியாதைக்காகச் சொல்லவில்லை.' அதை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன்.

அவன் சோபா அப்படியே இருக்கிறது.

உங்கள் மகன்


நவம்பர் 21

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். இப்போது எழுத வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


டிசம்பர் 15

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் சௌக்கியம் என்றுதான் எழுதுவாய். நான் இருக்கிறேன்.

எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தாய். சொன்ன பேச்சைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை என்பது ஆஸ்பத்திரியிலேயே உனக்குத் தெரியும். பயப்படாதே, உன்னிடம் எதையும் கேட்கப்போவதில்லை. என் மகனே எழுதிவிட்டான். அந்த ஏழு வாரம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்பதும் தெரியும்.

பிப்ரவரியில் நான் எழுதிய கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. நீ அப்போதே கண்டுபிடித்துவிட்டாய். நான் இப்போதுதான் திருத்துகிறேன்.

நான் விழுந்தேன். காலையில் விழுந்தேன், பிளம்பர் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. உன் நண்பனின் அத்தை சொன்னதுதான் சரியான கணக்கு. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. போன் கூடத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, என்னால் அதுவரை போக முடியவில்லை. பயமாக இருந்தது. சத்தம் போட்டு அழுதேன். பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிளம்பரிடம் பேசியது அதற்குப் பிறகு.

'விழுந்துவிட்டேன், பயமாக இருக்கிறது, வா' என்று எழுதியிருந்தால் என் மகன் வந்திருப்பான். எழுதியிருப்பதை அப்படியே செய்கிற பிள்ளை அவன். நான்தான் அப்படி வளர்த்தேன். நீ எழுதாததைப் படித்துவிட்டுக் கிளம்பி வந்தாய். அவனுக்கு வேலை இருக்கிறது, உனக்கு இல்லை.

உன்னிடம் போட்டுக்கொடுக்கவோ, அவனுக்காகப் பரிந்து பேசவோ இதை எழுதவில்லை. அந்த அறையில் அவன் வாய் திறக்காததை என்னால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. அவனை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன், கேட்கும் உரிமை எனக்கு இல்லை. நான் மன்னித்துவிட்டேனா என்று நீயும் கேட்காதே. மயக்கத்தில் நான் கூப்பிட்டது அவனைத்தான்.

ஜனவரியில் வரட்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறான். வா என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. வந்தால் இந்த வீட்டில் நானும் அவனும் எதைப் பற்றிப் பேசிக்கொள்வோம் என்று தெரியவில்லை. இத்தனை நாளும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

என் இடுப்பைப் பற்றி நீ கேட்பாய். இப்போது கைத்தடி இல்லாமலேயே வாசல் கேட் வரை போகிறேன். தபால்காரர் வரும் நேரத்துக்குத்தான் போவது. போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. திரும்பி வரும்போது கால் வலிக்கிறது.

தூக்கம் வருகிறதா என்று மட்டும் சொல். இரண்டு வரி போதும். போனில் வேண்டாம், கையால் எழுதி அனுப்பு.

பதில் எழுது.

அம்மா